சொத்தைப் பல்லால் நெஞ்சில் சீழ் கட்டுமா? அப்பாவுக்கு ட்யூப் போட்டிருக்கிறார்கள்

தறிவீட்டுப் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவைப் பற்றிய விஷயம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 56 வயது. குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறார், பெரும்பாலும் நைட் ஷிப்ட். ஏழு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை வாங்கி வைத்திருப்பார், போட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை. பொங்கலுக்கு முன்பிருந்தே வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிராம்பை வைத்து அடக்கிக்கொள்வார். தாங்காத நாளில் மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தறிக்குப் போய்விடுவார். ஈறு வீங்கும், உடையும், உப்புக் கரிக்கிற மாதிரி ஏதோ வடியும், வலி குறைந்துவிடும். "வடிஞ்சிடுச்சு, இனி ஒண்ணும் இல்ல" என்பார். இப்படியே எட்டு மாதம் ஓடியது.

மூன்று வாரத்துக்கு முன் குளிர் காய்ச்சல். வலது விலாவில் குத்தல். மூச்சை இழுத்தால் அதிகமாகக் குத்துகிறது என்றார். வாயுப் பிடிப்பு என்று ஓரிடத்தில் ஊசி போட்டு அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் ராத்திரி படுக்கவே முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடியவிட்டார். காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். எக்ஸ்ரேயில் வலது பக்கம் பாதிக்கு மேல் வெள்ளை. விலா இடுக்கில் ட்யூப் போட்டார்கள். முதல் நாளே 1,100 மில்லி சீழ் வந்தது. அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். அதைப் பார்த்து அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியால் அல்ல, கூச்சத்தால்.

மார்பு டாக்டர் வந்து பாட்டிலைப் பார்த்தார். அடுத்து அவர் செய்ததுதான் எங்களுக்குப் புரியவில்லை. "வாயைத் திறங்க" என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பல் எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார். பிறகு சீழில் இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கான்ஸ்டெல்லேட்டஸ் என்று வந்தது. அது வாயில் குடியிருக்கிற கிருமி, பல்லிலிருந்துதான் இறங்கியிருக்க வேண்டும் என்றார். காய்ச்சல் அடங்கியதும் பல்லை எடுத்துவிட வேண்டும் என்கிறார்.

வீட்டில் ஒருவருக்கும் நம்பிக்கை வரவில்லை. பல் எங்கே, நுரையீரல் எங்கே? லேப் வேலை பார்க்கிற மாமா, சீழில் ஏடிஏ (டிபி இருந்தால் ஏறுகிற ஒரு நொதி) 92 இருக்கிறது, இது டிபிதான், மாத்திரையை ஆரம்பிக்கச் சொல் என்கிறார். சளியிலும் சீழிலும் டிபி கிருமி இல்லை என்று சிபிநாட் டெஸ்டில் வந்துவிட்டது. அப்பா பல் எடுக்கவே கூடாது என்கிறார். கண் பார்வை போய்விடும், சர்க்கரைக்காரனுக்குப் புண் ஆறாது என்று பயம்.

உண்மையிலேயே பல்லால் இப்படி வருமா? யாருக்காவது வந்திருக்கிறதா?

கரூர்க்காரர்:

தம்பி, என் சித்தப்பாவுக்கும் இதே மாதிரி நெஞ்சில் தண்ணீர் கட்டி எடுத்தார்கள். கடைசியில் டிபி. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுச் சரியாகிவிட்டார். ஏடிஏ அதிகம் என்றால் அலட்சியமாக இருக்காதீர்கள். இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள்.

வார்டு அக்கா:

தம்பி, நான் 26 வருடம் அரசு மருத்துவமனையில் நெஞ்சக நோய் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

வரும். நிச்சயமாக வரும். உங்கள் டாக்டர் டார்ச் எடுத்து வாயைப் பார்த்தார் என்று படித்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. எத்தனையோ பேர் பார்ப்பதில்லை. நானே பல வருடம் பார்த்ததில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பல் எங்கே, நுரையீரல் எங்கே என்ற கேள்வி. வாய்க்கும் நுரையீரலுக்கும் நடுவில் இருப்பது ஒரு குழாய்தான். நாம் தூங்கும்போது எச்சில் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்குழாயில் இறங்கும். நல்ல ஆரோக்கியமான ஆட்களைத் தூக்கத்தில் சோதித்ததிலேயே ஏறக்குறைய பாதிப்பேருக்கு இது நடந்திருக்கிறது. இறங்கியதை நுரையீரல் வெளியே தள்ளிவிடும், அதனால் நமக்குத் தெரிவதில்லை. ஒரு மில்லி எச்சிலில் சுமார் பத்துக் கோடி கிருமி இருக்கும். பல் சொத்தையாகி ஈறுக்குக் கீழே சீழ்ப் பை இருந்தால் அந்த எச்சிலே வேறு மாதிரி ஆகிவிடும். காற்றுப் படாத இடுக்கில்தான் வளரும் என்கிற கிருமிக் கூட்டம் ஒன்று உண்டு. உங்கள் வார்டையே தூக்கிய அந்த நாற்றம் பெரும்பாலும் அவற்றின் வேலை. கல்ச்சரில் அவை சுலபத்தில் வளராது, அதனால் ரிப்போர்ட்டில் பெயர் இருக்காது. ஆனால் பாட்டிலைத் திறந்ததும் எங்கள் மூக்குக்குத் தெரிந்துவிடும். காசநோய்த் தண்ணீர் பெரும்பாலும் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும், இப்படி நாறாது.

வலது பக்கம் ஏன் என்றால், வலது மூச்சுக்கிளை அகலம், செங்குத்தாகவும் இறங்கும். மேலிருந்து விழுவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகும். நுரையீரலின் ஓரத்தில் நிமோனியா பிடித்து, அதைச் சுற்றியிருக்கிற உறைக்குள் சீழ் கசிந்து தேங்கினால் அதுதான் எம்பையீமா.

பழைய நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம் உண்டு. பல்லே இல்லாத ஆளுக்கு நுரையீரலில் சீழ்க்கட்டி வந்தால் புற்றுநோய் இருக்கிறதா என்று தேடு என்பார்கள். பல் இல்லாத வாயிலிருந்து அந்தக் கட்டி வருவது அவ்வளவு அபூர்வம்.

ஏடிஏ விஷயத்தில் கரூர் அண்ணன் சொல்வது தப்பு என்று சொல்ல மாட்டேன். நம் ஊரில் நெஞ்சில் நீர் என்றால் டிபியை நினைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஏடிஏ கெட்டியான சீழிலும் ஏறும். அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. டிபி நீரில் பெரும்பாலும் லிம்போசைட் அணுக்கள் அதிகம் இருக்கும், சீழில் நியூட்ரோஃபில். உங்கள் ரிப்போர்ட்டில் அந்த வரி இருக்கும், டாக்டரிடம் கேளுங்கள். வேறு கிருமி வளர்ந்திருக்கிறது, சிபிநாட் நெகட்டிவ், அழுகல் நாற்றம், எதிரே சொத்தைப் பல். இத்தனையும் இருக்கும்போது மாமா சொல்கிறார் என்று ஆறு மாத மாத்திரையை நீங்களாக ஆரம்பித்துவிடாதீர்கள். அந்த மாத்திரை ஈரலைப் பாதிக்கலாம், அதையும் பார்க்க வேண்டும்.

ட்யூப் இருக்கும்வரை நீங்கள் கவனிக்க வேண்டியது: பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே, தரை மட்டத்தில் இருக்கட்டும். பாத்ரூம் போகும்போது தோளுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துப் பதறியிருக்கிறேன். மூச்சு விடும்போது குழாயில் தண்ணீர் ஏறி இறங்கும். அது திடீரென்று நின்றால் நுரையீரல் முழுதாக விரிந்திருக்கும், இல்லையென்றால் குழாய் அடைத்திருக்கும். இரண்டில் எது என்று நீங்கள் யோசிக்க வேண்டாம், சிஸ்டரைக் கூப்பிடுங்கள். மூன்று பந்து இருக்கிற மூச்சுப் பயிற்சிக் கருவியை மணிக்கொரு தடவை இழுக்கச் சொல்லுங்கள். வலிக்கிறது என்று ஒரு பக்கமே சுருண்டு படுத்தால் நுரையீரல் விரியாது. முட்டை, பருப்பு, சுண்டல் என்று புரதம் நிறையக் கொடுங்கள், சீழில் உடம்புச் சத்தெல்லாம் போயிருக்கும்.

சீழ் நாளாக ஆகக் கெட்டியாகும். காய்ச்சிய பாலில் ஆடை படிகிற மாதிரி நுரையீரல் மேல் படியும், விட்டால் தோல் மாதிரி தடித்து நுரையீரலை விரியவே விடாது. அந்த நிலைக்குப் போனால்தான் உரித்தெடுக்கிற ஆபரேஷன். அதற்கு முன் ட்யூப் வழியாகக் கரைக்கும் மருந்து விட்டுப் பார்ப்பார்கள். ஆன்டிபயாடிக் மூன்றிலிருந்து ஆறு வாரம் வரை போகலாம். காய்ச்சல் நின்றது என்று பாதியில் நிறுத்த வேண்டாம்.

இப்போது நான் சொல்ல வந்தது. சுமார் பதினைந்து வருடம் முன்பு கட்டட வேலை செய்கிற ஒரு தம்பி, 34 வயது, இதே மாதிரி சீழோடு வந்தான். பதினெட்டு நாள் ட்யூப். தினமும் நான்தான் பாட்டில் மாற்றினேன், டிரஸ்ஸிங் செய்தேன். நன்றாகி, கையெடுத்துக் கும்பிட்டுப் போனான். ஐந்து மாதத்தில் திரும்பி வந்தான், இந்தத் தடவை இடது பக்கம். அப்போது வந்திருந்த பயிற்சி டாக்டர் ஒரு பெண், அவன் வாயைத் திறந்து பார்த்தாள். கீழ் வரிசையில் மூன்று பல் வேர் மட்டும் நின்றது, ஈறை அழுத்தினால் சீழ். பதினெட்டு நாள் அவன் தலைமாட்டில் நின்றவள் நான். பல் தேய்த்தாயா என்று ஒரு நாள் கூடக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை அவன் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு என் வார்டில் அட்மிஷன் போடும்போது நாடித்துடிப்பு எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில் "வாய்" என்று ஒரு வரி நானாக எழுத ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் ஓய்வு பெறும்வரை எழுதினேன்.

அதனால்தான் கேட்கிறேன் தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம். அப்பா குடிப்பாரா?

தறிவீட்டுப் பையன்:

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் எழுத வரவில்லை. நன்றி.

குடிப்பார். சனிக்கிழமை வாரக்கூலி வந்ததும். முதலில் எழுதத் தயங்கினேன். அன்றைக்குத் தறிக்கூடத்திலேயே பாவு நூல் மூட்டையில் சாய்ந்து மல்லாந்து தூங்கிவிடுவார். டாக்டரிடமும் நாங்கள் இதைச் சொல்லவில்லை.

வார்டு அக்கா:

சொல்லிவிடுங்கள், இன்றைக்கே. யாரும் திட்ட மாட்டார்கள். போதையில் தூங்கும்போது இருமல் வருவதே அடங்கிவிடும். எச்சிலோ வாந்தியோ இறங்கினால் உடம்புக்குத் தெரியாது. வலிப்பு வருகிறவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் அப்படித்தான். சொத்தைப் பல், சர்க்கரை, சனிக்கிழமை ராத்திரி, மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. அப்பாவைக் குற்றவாளி ஆக்குவதற்காக இதைக் கேட்கவில்லை. திரும்ப வராமல் இருக்கத்தான். தினமும் குடித்துப் பழகியவரா என்பதும் டாக்டருக்குத் தெரிய வேண்டும், திடீரென்று நின்றால் கை நடுக்கம், குழப்பம் வரும்.

திருச்சி பல் டாக்டர்:

பல் எடுக்கும் பயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், மீதியை சிஸ்டர் நன்றாகவே சொல்லிவிட்டார்.

கண்ணுக்குப் போகிற நரம்பு வேறு, பல்லுக்குப் போகிற நரம்பு வேறு. கீழ்க் கடைவாய்ப் பல்லின் நரம்பு தாடை எலும்புக்குள் ஓடுவது. அதை எடுத்தால் பார்வை போகாது. இந்தப் பயத்தால் எட்டு மாதம், ஒரு வருடம் என்று பல்லை வைத்துக்கொண்டு வருகிறவர்களை வாரத்துக்கு நான்கு பேராவது பார்க்கிறேன். சர்க்கரைக்காரருக்கும் பல் எடுக்கலாம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிற நாளில், ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருக்கும்போதே எடுத்துவிடலாம். அப்பாவுக்கு இது நல்ல நேரம், ஏற்கெனவே மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரையோ ஊசியோ கொடுக்கிறார்களா என்று மார்பு டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள்.

அப்பா கேட்டால் இதையும் சொல்லலாம்: சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை இறங்காது. ஈறு நோய்க்கு ஒழுங்காகச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற டெஸ்ட்) சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. கீழ்த் தாடையின் கடைசி இரண்டு பல்லின் வேர் நாக்கடித் தசைக்கும் கீழே இறங்கியிருக்கும். அங்கே சீழ் கட்டினால் வாய்க்குள் உடையாமல் கழுத்துக்குள் இறங்கிவிடலாம். கழுத்திலிருந்து நெஞ்சுக்கு நடுவே, இதயத்தைச் சுற்றியுள்ள இடம்வரை வழி திறந்தே இருக்கிறது. ஜெர்மனியில் லுட்விக் என்ற டாக்டர் 1836ல் விவரித்தது இந்தக் கழுத்து வீக்கத்தைத்தான். தாடைக்குக் கீழே பலகை மாதிரி கெட்டி வீக்கம், வாய் திறக்க முடியாமை, நாக்கு மேலே தூக்குதல், எச்சில் விழுங்க முடியாமல் வழிதல், குரல் மாறுதல், இதில் எது வந்தாலும் நடு ராத்திரியானாலும் 108ஐக் கூப்பிடுங்கள். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பத்துப் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று படுத்தவர்கள் மூச்சு அடைத்து வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஈறு உடைந்து வடிந்தால் வலி குறையும். குறைந்தது வலி மட்டும்தான், வேரில் சீழ் அப்படியே இருக்கிறது.

தறிவீட்டுப் பையன் (பதினோரு நாள் கழித்து):

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ட்யூப் வழியாக மூன்று நாள் மருந்து விட்டார்கள். நான்காம் நாள் ஸ்கேனில் நுரையீரல் கீழ்ப்பக்கம் தவிர மற்றதெல்லாம் விரிந்துவிட்டது. ஆபரேஷன் தேவைப்படாது என்றார்கள். ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில் 94 சதவீதம் என்று இருந்தது. டாக்டரே மாமாவை உட்காரவைத்து விளக்கினார், மாமா சரி என்று விட்டுவிட்டார். ஆனாலும் டிபி கல்ச்சர் போட்டிருக்கிறார்கள், அது வரச் சில வாரம் ஆகுமாம். கரூர் அண்ணன் சொன்னதையும் விடவில்லை.

குடியைப் பற்றி டாக்டரிடம் நான் சொல்வதற்குள் அப்பாவே சொல்லிவிட்டார். உங்கள் பதிவை நான் அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன் அக்கா. அந்தக் கட்டட வேலைத் தம்பியின் கதை வந்ததும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை, "அந்தப் பல்லை எடுத்துரச் சொல்லு" என்றார். முந்தாநாள் எடுத்தார்கள். பக்கத்தில் இன்னொரு வேரும் இருந்தது, அதையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். வேர் நுனியில் பட்டாணி அளவுக்கு ஒரு பை தொங்கியது. டாக்டர் அதைத் தட்டில் வைத்து அப்பாவிடம் காட்டினார்.

இன்னொரு உதவி. அப்பத்தாவுக்கு 81 வயது, பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாகப் படுக்கை. பல்செட் வைத்திருக்கிறார், ராத்திரியும் கழற்றுவதில்லை. சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுகிறது. இப்போது எனக்கு அவரைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

வார்டு அக்கா:

தம்பி, அப்பா விஷயம் கேட்டு அழுதுவிட்டேன். நல்லது. நன்றாக இருக்கட்டும்.

அப்பத்தாவுக்கு இன்றைக்கு ராத்திரியிலிருந்தே பல்செட்டைக் கழற்றிவிடுங்கள். பிரஷ் போட்டு எல்லாப் பக்கமும் தேய்த்துக் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வையுங்கள். ஜப்பானில் 85 வயதுக்கு மேற்பட்ட 500 பேருக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. அதே நாட்டில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் ஒரு பாதிப்பேருக்குச் சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு வேளையும் வாயைச் சுத்தம் செய்துவிட்டார்கள். செய்யாதவர்களில் 100க்கு 19 பேருக்கு நிமோனியா, செய்தவர்களில் 11 பேருக்கு. கூடுதலாக வேறு மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. பிரஷ்தான், தேவைப்பட்டவர்களுக்கு அயோடின் மருந்துத் துடைப்பும், வாரம் ஒரு தடவை பல் மருத்துவர் பார்ப்பதும்.

செய்கிற விதம்: தலைமாட்டை உயர்த்தி, அல்லது ஒருக்களித்துப் படுக்கவைத்து, கன்னத்துக்குக் கீழே துண்டு போடுங்கள். குழந்தைகளுக்கான சின்ன பிரஷ் வாங்குங்கள், மயிர் மென்மையாக இருக்க வேண்டும். பேஸ்ட் வேண்டாம், நுரைத்துத் தொண்டைக்குப் போகும். பிரஷை நனைத்து உதறிவிட்டு ஈறு, கன்னத்தின் உட்பக்கம், நாக்கு என்று பின்னாலிருந்து முன்னால் தேய்த்து, ஈரத் துணியை விரலில் சுற்றித் துடைத்து எடுங்கள். பாதிக்கப்பட்ட பக்கத்துக் கன்னத்தில் சோறு அடைந்து கிடக்கும், அவருக்கு அது தெரியாது. சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் அங்கே பாருங்கள். காலையில் ஒரு தடவை போதாது, ராத்திரி தூங்குவதற்கு முன் செய்வதுதான் முக்கியம்.

சாப்பாடு நிமிர்ந்து உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில். முடித்ததும் அரை மணி நேரம் படுக்கவைக்க வேண்டாம். ரசம், தண்ணீர் மாதிரி ஓடுகிறதில்தான் புரையேறும், கஞ்சியைக் கொஞ்சம் கெட்டியாகக் கொடுத்துப் பாருங்கள். புரையேறுவது தொடர்ந்தால் விழுங்குதலைச் சோதிக்கிற ஆள் பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பார், அப்பாவின் அடுத்த செக்கப் அன்றே கேட்டுவிடுங்கள்.

பல்செட் ரொம்ப நாள் பழையது என்றால் தளர்ந்திருக்கும். அதையும் ஒரு தடவை பல் டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

தறிவீட்டுப் பையன்:

சரி அக்கா. பிரஷ் வாங்கிவிட்டேன். கழற்றினோம். எட்டு வருடப் பழசாம். அப்பத்தா முதலில் கையைத் தட்டிவிட்டார், அப்புறம் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்து தன் பல் எடுத்த இடத்தைக் காட்டினார். அதைப் பார்த்துவிட்டு அவரும் திறந்தார்.